பயந்துகொண்டே நம்பலாமா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ். சிகிச்சைக்காக வாங்கிய கடனைக் கேட்டு ஒருவர் இரவு நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறார். போன மாதம், 16 வயதான என் மகன் எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறான் என்று தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 2 மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை நெஞ்சு படபடக்கிறது. சபையில் மூத்தவர் ஒருவர், 'பயம் என்றால் அவிசுவாசம். காவல் நிலையத்துக்குப் போகாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார். விசுவாசத்தோடு ஒரு காணிக்கை பொருத்தனை செய்' என்கிறார். கணவர் இப்போது ஜெபிப்பதே இல்லை. நான் தேவனை நம்பவில்லையா? நம்புவது என்றால் என்னதான் செய்ய வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனைப் பற்றி. அந்த மனிதர் சொன்னது மிரட்டல். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், நாளைக் காலை நம்பகமான இருவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இதைச் சொல்லாமல் விசுவாசத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்படிப் போவது அவிசுவாசமா என்பதுதான் உங்களைத் தடுத்து வைத்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 23-ஆம் அதிகாரத்தை எடுத்து, 11-ஆம் வசனத்திலிருந்து நிதானமாகப் படியுங்கள். பவுல் எருசலேமில் காவலில் இருக்கிறார். இரவில் கர்த்தர் அவர் அருகே நின்று, "திடன்கொள்" என்று சொல்லி, அவர் ரோமாவிலும் சாட்சி கொடுக்க வேண்டும் என்கிறார். இதைவிட நேரடியான வாக்குத்தத்தம் ஒரு மனிதனுக்குக் கிடைக்க முடியாது. மறுநாள் விடிகிறது. 40 பேருக்கு மேல் கூடி, பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதும் இல்லை, குடிப்பதும் இல்லை என்று சபதம் செய்கிறார்கள். பவுலின் சகோதரி மகனுக்கு இந்தச் சதி காதில் விழ, அவன் ஓடி வந்து மாமாவிடம் சொல்கிறான்.

பவுல் அந்தப் பையனிடம், "கர்த்தர் நேற்று இரவே சொல்லிவிட்டார், நீ வீட்டுக்குப் போ" என்றாரா? இல்லை. நூற்றுக்கு அதிபதி ஒருவரைக் கூப்பிட்டு, பையனைச் சேனாபதியிடம் கூட்டிப்போகச் சொன்னார். சேனாபதி அன்றிரவே 200 காலாட்கள், 70 குதிரைவீரர்கள், 200 ஈட்டிக்காரர்கள் சூழப் பவுலைச் செசரியாவுக்கு அனுப்பிவைத்தார். கர்த்தரின் வாக்கு 470 படைவீரர்களின் கால்களில் நடந்து நிறைவேறியது. வாக்கு கையில் இருந்ததால்தான் பவுல் பதறாமல், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொன்னார். உங்களுக்கு அறிவுரை சொன்ன சகோதரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னது வேதாகமத்தின் வழக்கம் இல்லை.

இதே வழக்கம் மற்ற இடங்களிலும் உண்டு. நெகேமியா 4:9-ல் ஜெபமும் இரவு பகல் காவலும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. சவுல் ராஜா கொல்லத் தேடிக்கொண்டிருந்த தாவீது, தான் பெலிஸ்தரிடமிருந்து மீட்டுக் கொடுத்த கேகிலா ஊரில் இருந்தபோது, "இந்த ஊரார் என்னைச் சவுலிடம் ஒப்புக்கொடுப்பார்களா?" என்று கர்த்தரிடமே கேட்கிறார். "ஒப்புக்கொடுப்பார்கள்" என்று பதில் வருகிறது. தாவீது சுமார் 600 பேரோடு அங்கிருந்து கிளம்பிவிடுகிறார். அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதில், ஓடிப்போ என்பதுதான்.

ஆகவே புகாருக்கான வேலையை ஜெபத்தின் ஒரு பாகமாகவே செய்யுங்கள். ஒரு நோட்டு வாங்கி, அந்த மனிதர் வந்த ஒவ்வொரு தேதியையும் நேரத்தையும், அவர் சொன்ன சொற்களை அப்படியே மாற்றாமலும், அப்போது யார் கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதும்போது நாம் சொற்களைக் கூட்டிவிடுவோம். பிறகு அதுவே நம் பேச்சின் நம்பகத்தைக் கெடுக்கும். உறுதியாக நினைவில்லாத இடத்தில் "ஏறத்தாழ இப்படிச் சொன்னார்" என்றே குறியுங்கள். இரவில் அவர் வந்தால் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரோடு ஓர் அடையாளச் சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொலைபேசியில் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் வெளியே வந்து நிற்க வேண்டும், அல்லது காவல் நிலையத்தை அழைக்க வேண்டும். மகன் கொஞ்ச நாள் வேறு வழியில், துணையோடு போகட்டும். பள்ளித் தலைமையாசிரியருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் எந்த நிலையிலும் போடாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. பயம் இருந்தால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமா?

சங்கீதம் 56 தாவீது காத்தூரில் பெலிஸ்தரிடம் அகப்பட்டபோது பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அந்த ஊரில் அவர் ஆகீஸ் ராஜாவுக்கு மிகவும் பயந்தார் என்று 1 சாமுவேல் 21 மறைக்காமல் எழுதுகிறது. பயத்தில் பைத்தியக்காரனைப்போல் நடித்து, தாடியில் வாய்நீர் வடியவிட்டுத் தப்பினார். அந்த மனிதர்தான் பாடுகிறார்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் "நான் பயப்படேன்" என்கிறார். அதற்கடுத்த இரண்டு வசனங்களில் எதிரிகள் அவர் காலடிகளைக் கவனித்துப் பதுங்கியிருக்கிறார்கள். 11-ஆம் வசனத்தில் மறுபடியும் "நான் பயப்படேன்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 13 வசனங்களுக்குள் பயம் திரும்பி வந்துவிட்டது. நம்பிக்கையும் திரும்பிச் சொல்லப்பட்டது. உங்களுக்கு ஒரு நாளில் பத்து முறை இப்படி நேர்ந்தால் நீங்கள் தோற்றுப்போகவில்லை, இந்தச் சங்கீதத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

பயம் முதலில் உடம்பில் நடப்பது. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேல் நெஞ்சில் நின்றுவிடுகிறது. பிள்ளையை ஒருவர் மிரட்டிய பிறகு தாயின் உடம்பு இப்படிச் செய்வது, தேவன் அதைப் படைத்த விதம். இதைப் பாவம் என்று அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பாரம் இரண்டாகும்: மிரட்டல் ஒன்று, குற்ற உணர்வு இன்னொன்று. விசுவாசத்துக்கும் அவிசுவாசத்துக்கும் வழி பிரிவது அதற்குப் பிறகுதான். அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோகிறோம், அடுத்த அடியை யார் சொல் கேட்டு வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

2 மணிக்கு விழிப்பு வரும்போது நீண்ட ஜெபம் வேண்டாம். அந்த நேரத்தில் மனம் ஜெபத்தின் பெயரில் கவலையையே சுற்றிச் சுற்றி ஓட்டும். எழுந்து உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, 4 எண்ணும்வரை மூச்சை இழுத்தபடி "நான் பயப்படுகிற நாளில்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். 6 எண்ணும்வரை மெல்ல விட்டபடி "உம்மை நம்புவேன்" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடம், ஏறத்தாழ 30 மூச்சு. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. பலர் இதில் செய்யும் தவறு, முழு பலத்தோடு மூச்சை இழுப்பது. தலை சுற்றி, பயம் கூடிவிடும். சாதாரண அளவுக்கு இழுத்து, விடுவதை மட்டும் நீட்டினால் போதும். 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையைவிட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நோட்டில் கவலையை ஒரே வரியில் எழுதி மூடுங்கள். இரவில் கடன் கணக்குப் பார்க்காதீர்கள். அதற்குப் பகலில் அரை மணி நேரம் குறித்து வையுங்கள்.

பகலில் செய்ய ஒரு ஜெபமுறை சொல்கிறேன். நம் சபைகளில் இதை அதிகம் கற்பிப்பதில்லை. அது பெரிய இழப்பு. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றில் குறுகியவற்றுள் ஒன்று, 6 வசனமே உள்ள 13-ஆம் சங்கீதம். அதன் முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. தேவன் மறந்துவிட்டார், முகத்தை மறைத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டே வருகிறது. 3, 4-ஆம் வசனங்கள் வேண்டுதல். 5, 6-ஆம் வசனங்கள் நம்பிக்கையும் பாட்டும். இதே வரிசையில் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். "எதுவரைக்கும்" என்று தொடங்கும் நான்கு வாக்கியங்கள். அதில் அந்த மனிதரின் பெயரும், கணவரின் கையில் ஊசி ஏறும் இடமும், உறங்காத இரவும் வரட்டும். பிறகு கேட்பது: பொதுவாக "ஆசீர்வதியும்" என்று எழுதாமல், இந்த வாரம் நடக்க வேண்டிய ஒன்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கடைசியில், முன்பு அவர் செய்ததாக உங்களுக்குத் தெரிந்த ஒன்று, ஒரே ஒரு வாக்கியம். 15 நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, புலம்பலைத் தாண்டி நேராகத் துதிக்குப் போவது. மரியாதைபோலத் தெரியும், ஆனால் சொல்லாத கோபம் உள்ளேயே தங்கி, பிறகு கணவர்மேலோ பிள்ளைமேலோ விழும். இன்னொன்று, முதல் பாகத்திலேயே நின்றுவிடுவது. கடைசி வாக்கியம் வர மறுக்கிற நாளில் பொய்யாக எழுதாதீர்கள். 88-ஆம் சங்கீதம் எபிரெய மூலத்தில் "இருள்" என்ற சொல்லோடு முடிகிறது, துதி வரவே இல்லை. அதுவும் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. அந்த நாளில் அதை வாசித்து, அப்படியே மூடுங்கள்.

கடனைப் பற்றி 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம் பேசுகிறது. கணவன் இறந்துபோன பெண். கடன்காரன் அவளுடைய இரண்டு மகன்களை அடிமையாக்க வந்துவிட்டான். எலிசா அவளிடம் காணிக்கை எதுவும் கேட்கவில்லை. "வீட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார், அதுவும் அநேகம் பாத்திரங்கள். எண்ணெய் பெருகிய பிறகு, விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியில் பிழைக்கச் சொன்னார். அற்புதத்துக்கு முன்னும் பின்னும் வேலை இருக்கிறது: உள்ளதை எண்ணுவது, பிறரிடம் போய்க் கேட்பது, விற்பது, அடைப்பது.

அதன்படி ஒரே தாளில் எழுதுங்கள்: வாங்கிய அசல், வாங்கிய தேதி, இதுவரை கொடுத்தது, அதற்கு ஆதாரம் இருக்கிறதா, பாக்கி என்று அவர் சொல்வது, பாக்கி என்று உங்கள் கணக்கில் வருவது. கடைசி இரண்டும் ஒத்துப்போகாது என்றே எதிர்பார்க்கிறேன். அந்தத் தாளோடு சட்ட உதவி தருகிற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். இனி பணம் கொடுத்தால் சாட்சி இல்லாமலோ ரசீது இல்லாமலோ கொடுக்காதீர்கள். வட்டியை அடைக்க வேறு கடன் வாங்காதீர்கள். இரவல் பாத்திரம் கேட்க அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருந்திருக்கும். உங்கள் போதகரிடமும் உறவினரிடமும் நிலைமையைச் சொல்வது உங்களுக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். போய்ச் சொல்லுங்கள்.

பொருத்தனைக் காணிக்கையை இப்போது செய்யாதீர்கள். இதைத் தயங்காமல் சொல்கிறேன். பெற்றோரைத் தாங்க வேண்டிய பொருளைக் "கொர்பான்", அதாவது காணிக்கை என்று சொல்லி விலக்கி வைத்தவர்களை இயேசு மாற்கு 7-ல் கடிந்துகொண்டார். டயாலிசிஸுக்கு வைத்திருக்கும் பணத்தைப் பொருத்தனையாக்குவதும் அதே தவறுதான். விலை பேசி வாங்கும் பாதுகாப்பு நம்பிக்கை ஆகாது. கணவர் குணமாகிவிட்டார் என்று யாராவது தீர்க்கதரிசனமாகச் சொன்னாலும் மருத்துவர் சொல்லாமல் டயாலிசிஸை ஒரு முறைகூட விடக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம், நீர் தேங்கினால் நுரையீரல் நிரம்பிவிடும். உபவாசமும் அவருக்கு வேண்டாம்.

"வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற 91-ஆம் சங்கீத வசனத்தை யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். அதே சங்கீதத்தின் 11, 12-ஆம் வசனங்களைத்தான் சாத்தான் இயேசுவைத் தேவாலய உப்பரிகையில் நிறுத்தி அவரிடம் சொன்னான். வசனம் பொய்யில்லை. குதித்துப் பார், தேவன் பிடிக்கிறாரா பார்ப்போம் என்பது அதற்கு அவன் கொடுத்த பொருள். இயேசு குதிக்கவில்லை. தேவனை நம்புவது வேறு, பரீட்சை பார்ப்பது வேறு. காவல் நிலையத்துக்குப் போகாமல் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று கதவைத் திறந்து வைப்பது இரண்டாவது வகையில் சேரும்.

இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்க முடியாது. நம்பினால் ஆபத்து கட்டாயம் விலகும் என்று நான் எழுதினால் அது பொய். அப்போஸ்தலர் 12-ல் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து தூதனால் விடுவிக்கப்படுகிறார். யாக்கோபின் விசுவாசம் குறைவு என்று ஒரு சொல்கூட அங்கே இல்லை. எபிரெயர் 11-ல் சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள், சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டார்கள்; இரு சாராரும் விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றார்கள். தானியேல் 3-ல் எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும் தங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்ற சொல்லையும் சேர்த்தார்கள். அந்த ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ள உங்களுக்கு நாள் ஆகலாம். அவசரப்படுத்தமாட்டேன். ஆனால் அது இல்லாமல் பிடித்திருக்கும் நம்பிக்கை, டயாலிசிஸ் அறிக்கையில் ஓர் எண் ஏறினாலே உடைந்துவிடும்.

எனவே ஒரு நாளுக்கு மட்டும் நம்பப் பழகுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த உணவான மன்னா, நாளொன்றுக்குத் தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ 2 லிட்டர். பயந்து மறுநாளுக்கு எடுத்து வைத்தது புழுத்தது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொல்லியிருந்தார், அது கெடவில்லை. வேறுபாட்டைக் கவனியுங்கள். அடுத்த டயாலிசிஸுக்குப் பணமும் போக்குவரத்தும் ஏற்பாடு செய்வது ஆறாம் நாள் வேலை, செய்யத்தான் வேண்டும். ஐந்து வருடம் கழித்து மகன் என்ன ஆவான் என்று இரவில் கலங்குவது புழுக்கிற மன்னா.

உங்கள் உடல்நிலையும் எனக்குக் கவலை தருகிறது. தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது. மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகு, 40 நாள் நடைக்கு அப்பால். நீங்கள் கணவருக்கு எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாப்பிடுங்கள்.

மகனிடம் எதுவும் நடக்காததுபோல் நடிக்காதீர்கள். 16 வயதில் அவனுக்கு எல்லாம் புரியும். "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, நாளைக்குப் புகார் கொடுக்கப் போகிறேன், நீயும் ஜெபி" என்று சொன்னால் போதும். தன்னால்தான் பிரச்சினை என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கலாம்; இல்லை என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

கணவர் ஜெபிக்காததைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்து எழுகிறவரிடம், தன் நோயால்தான் குடும்பம் கடனில் விழுந்தது என்ற எண்ணமும் இருக்கும். யோபுவின் நண்பர்கள் முதல் 7 நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொன்ன பிறகுதான் தவறினார்கள். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அங்கே இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவர் ஒரு வார்த்தை ஜெபித்ததாக இல்லை. அடுத்த டயாலிசிஸ் நாளில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து 13-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும். ஆமென் சொல்லச் சொல்லாதீர்கள். வாசித்துவிட்டு, ஊசி ஏறாத கையைப் பிடித்துக்கொண்டிருங்கள்.